டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ்

வில்லியம் ஹால்ஸ் ரிவர்ஸ் ரிவர்ஸ் (மார்ச் 12, 1864 - ஜூன் 4, 1922) இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவரும் உளவியலாளரும் மானிடவியலாளரும் ஆவார். முதலாம் உலகப் போரில் மனம் குலைந்து திரும்பிய படை அதிகாரிகளுக்குப் பேச்சுவழிச் சிகிச்சை அளித்தவர் என்ற வகையில் இவர் இன்று பெரிதும் அறியப்படுகின்றார். போர்முனையில் கண்டவற்றை மறந்துவிடுமாறு நோயாளிகளுக்கு அறிவுரை கூறுவதே அக்காலத்தில் பரவலாக இருந்த வழக்கம். அவ்வாறு மறக்க முயல்வதே நோயை வளர்க்கின்றது என்பது ரிவர்ஸின் கருத்து. மருந்துகள் மனிதரிடம் உண்டாக்கும் விளைவை அளந்தறிய இவர் கையாண்ட சோதனை முறை, பிற்கால மருந்தாய்வுகளுக்கு முன்னோடியாக அமைந்தவற்றுள் ஒன்றாகும். நீலகிரி மலையில் வாழும் தோடர்களைப் பற்றி 1906 இல் இவர் வெளியிட்ட நூல் மானிடவியலில் அடிப்படை நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது.

ரிவர்ஸ் என்னும் சொல் இவர் பெயரில் இருமுறை வருவது எழுத்துப் பிழையன்று. முழுப்பெயரே அவ்வாறுதான் அமைந்துள்ளது.

பிறப்பும் கல்வியும்

ரிவர்ஸ் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் சாத்தம் நகரையடுத்த லூட்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஹென்றி பிரெடெரிக் ரிவர்ஸ் ஆங்கிலிக்கத் திருச்சபையின் குரு. தாய் எலிசபெத் ஹன்ட். தாய்வழிக் குடும்பம் திக்குவாய்க்குச் சிகிச்சை அளிப்பதில் பெயர் பெற்றிருந்தது. தாய்மாமன் ஜேம்ஸ் ஹன்ட் அத்தொழிலைச் செய்ததுடன் 1863 இல் இலண்டன் மானிடவியல் கழகத்தையும் நிறுவினார். மனித இனங்களிடையே உயர்வு தாழ்வு உண்டெனக் கூறியவர் அவர். அவர் விட்டுச்சென்ற துறையில் பின்னாளில் பெரும்பெயர் பெற்ற மருமகனோ அக்கருத்துகளுக்கு முற்றிலும் மாறான வழியில் சென்றார். லூயிஸ் கரோல் என்னும் புனைபெயரில் எழுதிய சார்லஸ் டாட்சனும் திக்குவாய்க்காக இக்குடும்பத்தை நாடி வந்தவர்களுள் ஒருவர்.

திக்குவாய் மருத்துவக் குடும்பத்தில் பிறந்த ரிவர்ஸுக்கே திக்குவாய் இருந்தது. வாழ்நாள் முழுவதும் அது முற்றாக நீங்கவில்லை. பேசச் செய்து நோய் தீர்த்தவர் என்று பிற்காலத்தில் புகழ்பெற்ற ஒருவர் தாமே பேசுவதற்கு இடர்ப்பட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

இவரிடம் இன்னொரு தனித்தன்மையும் இருந்தது. விழித்திருக்கும் நேரத்தில் எதனையும் மனக்கண்ணில் உருவமாகக் காண இவரால் இயலவில்லை. ஐந்து வயது வரை வாழ்ந்த வீட்டின் கீழ்த்தளத்தை ஓரளவு நினைவுகூர முடிந்த இவருக்கு மேல்தளத்தைப் பற்றிய நினைவு சிறிதும் இல்லை. இதனை இவர் தமது நூலிலேயே பதிவு செய்து, ஏற்கவியலாத நினைவை மனம் ஒதுக்கித் தள்ளுவது பற்றிய ஆராய்ச்சியில் தம்மையே ஒரு சான்றாக எடுத்துக்கொண்டார்.

டன்பிரிட்ஜ் பள்ளியில் பயின்றபோது ஏற்பட்ட குடற்காய்ச்சலால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உதவித்தொகைத் தேர்வை எழுத இயலாமற் போயிற்று. ஆகவே இலண்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து புனித பார்த்தலோமியு மருத்துவமனையில் மருத்துவம் கற்று, 1886 இல் தமது 22 ஆவது வயதில் பட்டம் பெற்றார். 1888 இல் மருத்துவத்தில் உயர்பட்டமும் பெற்றார். இடையில் சிலகாலம் கப்பல் மருத்துவராகப் பணியாற்றி யப்பானுக்கும் வட அமெரிக்காவுக்கும் சென்று வந்தார்.

உளவியலும் மருந்தாய்வும்

1891 இல் இலண்டன் குயின் சதுக்கத்திலிருந்த நரம்பு நோய் மருத்துவமனையில் உறைவிட மருத்துவரானார். மறு ஆண்டு செருமனியின் யெனா நகருக்குச் சென்றார். மனநோய்களை ஆராய்வதே தம் பணி என்ற முடிவுக்கு இவர் வந்தது அங்கேதான். நாடு திரும்பியதும் பெத்லெம் மனநோய் மருத்துவமனையில் சிலகாலம் பணியாற்றினார். 1893 இல் கேம்பிரிட்ஜில் புலனுறுப்புகளின் உடலியங்கியல் பற்றி விரிவுரை நிகழ்த்தத் தொடங்கினார். 1897 இல் அங்கு உளவியல் ஆய்வுக்கூடம் இவர் பொறுப்பில் அமைந்தது. பிரித்தானியாவின் முதல் உளவியல் ஆய்வுக்கூடங்களுள் அதுவும் ஒன்று. 1902 இல் புனித யோவான் கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார்.

செருமனியின் ஐடல்பர்க் நகரில் எமில் கிரெப்பெலினிடம் இவர் பெற்ற பயிற்சி இங்குத் தனித்துக் கூறத்தக்கது. மனநோய்களை வகைப்படுத்தியவர் என்றே கிரெப்பெலின் இன்று அறியப்படுகின்றார். ஆயினும் மது, தேநீர் முதலியன மனத்தின் எளிய செயல்களை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை அளந்து 1892 இல் நூல் எழுதியவரும் அவரே. ரிவர்ஸ் அவ்வாய்வைத் தொடர்ந்தார். விரலொன்றால் எடையைத் திரும்பத் திரும்பத் தூக்கிக் களைப்பை அளக்கும் கருவியைக் கொண்டு, மது, காப்பியிலுள்ள கஃபீன் முதலியவற்றின் விளைவுகளைப் பெரும்பாலும் தம்மீதே சோதித்தார்.

சோதனையில் இவர் ஓர் இடர்ப்பாட்டைக் கண்டார். மருந்து உட்கொண்டோம் என்ற அறிவே மனிதரை ஊக்குகின்றது; அதன் சுவையும் ஊக்குகின்றது. இவ்வாறு விளைவதை மருந்தின் விளைவாகக் கொள்வது தவறாகும். ஆகவே ஒரே சுவையுடைய இரு கலவைகள் ஆயத்தம் செய்யப்பட்டன. ஒன்றில் மருந்து இருக்கும், மற்றொன்றில் இராது. எந்த நாளில் எதனைக் குடித்தார் என்பது குடிப்பவருக்குத் தெரியாது. இவ்வாறு செய்து பார்த்தபோது, முன்னைய ஆய்வாளர்கள் சிறிதளவு மதுவுக்கு உரியதாகக் கூறிய ஆற்றலில் ஒரு பகுதி மறைந்து போயிற்று. இம்முடிவுகள் 1906 இல் விரிவுரைகளாகவும் 1908 இல் நூலாகவும் வெளிவந்தன. இன்று வெற்று மாத்திரையுடன் ஒப்பிட்டு மருந்துகளைச் சோதிக்கும் முறை எல்லா நாடுகளிலும் கட்டாயம் போல ஆகிவிட்டது. அதன் தொடக்கத்தைத் தேடுவோர் ரிவர்ஸின் இச்சிறு நூலையும் பார்க்க வேண்டியவராவர்.

1903 இல் நரம்பியலாளர் ஹென்றி ஹெட் தமது கையின் உணர்வு நரம்புகளை அறுவை செய்து துண்டிக்கச் செய்தார். நரம்பு வளர வளர உணர்வு எவ்வாறு திரும்புகின்றது என்பதை ரிவர்ஸ் பல ஆண்டுகள் சோதித்துக் குறித்துவந்தார். இச்சோதனைகள் புனித யோவான் கல்லூரியிலுள்ள ரிவர்ஸின் அறைகளிலேயே நடந்தன. ஆய்வு முடிவு 1908 இல் வெளியானது.

களப்பணிகளும் தோடர்களும்

1898 இல் ஆல்பிரட் ஹாடன் தலைமையில் டொரெஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற கேம்பிரிட்ஜ் ஆய்வுக் குழுவில் ரிவர்ஸ் உளவியலாளராகச் சேர்ந்தார். சார்லஸ் மையர்ஸ், வில்லியம் மெக்டூகல், பின்னாளில் இலங்கை வேடர்களைப் பற்றி நூல் எழுதிய சார்லஸ் செலிக்மன் ஆகியோரும் அக்குழுவில் இருந்தனர். இவர்களுள் மையர்ஸ், மெக்டூகல், செலிக்மன் மூவரும் உலகப் போரின்போது ரிவர்ஸைப் போலவே மனம் குலைந்த படையினருக்கு மருத்துவம் பார்த்தனர் என்பது வியப்புக்குரியது.

தீவு மக்களின் பார்வைத் திறனைச் சோதித்த ரிவர்ஸ், அது பெற்றோர் வழியாகத் தொடர்கின்றதா என அறியும் பொருட்டு அவர்களுடைய வம்சாவளிகளைச் சேகரித்தார். சில சொற்களை மட்டும் கற்றுக்கொண்டு ஒவ்வொருவரிடமும் தாய், தந்தை, மக்கள் பெயர்களைக் கேட்டு எழுதினால், அவ்வூரின் திருமணமுறை, சொத்துரிமை, குடிப்பெயர்ச்சி அனைத்தும் அதிலிருந்து வெளிப்படுவதைக் கண்டார். வம்சாவளி முறை எனப்படும் இது மானிடவியலாளரின் அன்றாடக் கருவியாயிற்று.

1901, 1902 ஆகிய ஆண்டுகளில் நீலகிரியில் தங்கித் தோடர்களிடையே இம்முறையைக் கையாண்டார். ஒரு பெண் உடன்பிறந்தார் பலரை மணக்கும் வழக்கம், எருமைப் பால்மனைகள், அவற்றுக்குரிய சடங்குகள், இறப்புச் சடங்குகள் ஆகியவற்றை விரிவாகப் பதிவு செய்தார். இதே காலத்தில் ஊராளிகள், சோளகர்கள் ஆகியோரின் பார்வைத் திறனையும் சோதித்து அதனைச் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீட்டில் எழுதினார். பின்னர் 1908 இலும் 1914 இலும் மெலனீசியத் தீவுகளுக்குச் சென்றார். இரண்டு தொகுதிகளாக 1914 இல் வெளியான மெலனீசியச் சமூக வரலாறு என்னும் நூல் முதற்பயணத்தின் பயன்.

முன்பின் அறியாத மனிதரிடம் அமைதியாக அமர்ந்து அவருடைய குடும்பக் கதையை இடைமறிக்காது கேட்பதே இக்களப்பணியின் பெரும்பகுதி. இப்பழக்கம் மருத்துவமனையில் இவருக்குக் கைகொடுத்திருக்க வேண்டும்.

போரும் மன அதிர்ச்சியும்

போர் தொடங்கிய சில மாதங்களிலேயே, உடலில் காயமின்றிப் பேச்சிழந்தும் பார்வையிழந்தும் கைகால் நடுங்கியும் படையினர் பலர் திரும்பினர். அருகே வெடித்த எறிகுண்டின் அதிர்வு மூளையைத் தாக்கியதே காரணம் என முதலில் எண்ணப்பட்டது. ஆகவே குண்டதிர்ச்சி என்னும் பெயர் வழங்கலாயிற்று. 1915 இல் இச்சொல்லை மருத்துவ இதழில் முதன்முதலில் எழுதியவர் ரிவர்ஸின் மாணவரான மையர்ஸ். குண்டு வெடித்த இடத்தில் இல்லாதவர்களுக்கும் இந்நோய் வந்ததால் பெயர் பொருந்தாது என்பதை அவரே பின்னர் உணர்ந்தார். போர் முடிவதற்குள் பிரித்தானியப் படையில் ஏறத்தாழ 80,000 பேர் இந்நோய்க்குச் சிகிச்சை பெற்றனர்.

நோயாளி எனக் கருதப்படாதோர் நிலை வேறாக இருந்தது. போர்முனையை விட்டு ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகப் பிரித்தானிய, குடியேற்ற நாட்டுப் படையினர் 306 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இவர்களுக்கு 2006 இல்தான் பிரித்தானிய அரசு மன்னிப்பு வழங்கியது. மனம் நோயுறக்கூடும் என்று ஒரு மருத்துவர் கூறுவதும் கூறாமல் விடுவதும் உயிரைப் பற்றிய செய்தியாக இருந்த காலம் அது.

ரிவர்ஸ் 1915 இல் மெலனீசியாவிலிருந்து திரும்பி, லிவர்பூலை அடுத்த மேகல் படைமருத்துவமனையில் சேர்ந்தார். அங்கிருந்த மருத்துவர்கள் சிக்மண்ட் பிராய்டின் கருத்துகளை ஆர்வத்துடன் விவாதித்து வந்தனர். நனவிலி மனம் உண்டு, மனப்போராட்டம் நோயாக வெளிப்படும், கனவுக்குப் பொருள் உண்டு என்பவற்றை ரிவர்ஸ் ஏற்றுக்கொண்டார். பாலுணர்வே எல்லாவற்றுக்கும் வேர் என்பதை ஏற்கவில்லை. போர்க்களத்து நோய்க்கு வேர் உயிரைக் காத்துக்கொள்ளும் இயல்பூக்கத்துக்கும் கடமையுணர்வுக்கும் இடையிலான போராட்டமே என்றார்.

இவரிடம் வந்த மருத்துவ அதிகாரி ஒருவருக்கு மூடிய இடங்களைக் கண்டால் பேரச்சம். பதுங்குகுழிக்குள் இருக்க இயலாமல் துன்புற்றார். முன்னரே ஒருவரிடம் பெற்ற உளப்பகுப்பாய்வு பயன் தரவில்லை. கனவுகளின் வழியே நினைவைத் தேடியபோது, மூன்று அல்லது நான்கு வயதில் பழம்பொருள் வாங்கும் கிழவர் ஒருவரின் வீட்டுக்குச் சென்று திரும்புகையில் இருண்ட நடைவழியில் அகப்பட்டுக்கொண்டதும், கதவு திறக்க முடியாமற் போனதும், நாயொன்று உறுமியதும் நினைவுக்கு வந்தன. அச்சம் அதன்பின் நீங்கிற்று. இந்நோயில் பாலுணர்வுக்கு இடமில்லை என்பதை ரிவர்ஸ் எடுத்துக்காட்டினார்.

கிரெய்க்லாக்கார்ட்

1916 அக்டோபரில் ரிவர்ஸ் எடின்பரோவை அடுத்த கிரெய்க்லாக்கார்ட் படைமருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். நீர்ச்சிகிச்சை விடுதியாக இருந்த அக்கட்டடம் அதிகாரிகளுக்கு மட்டும் உரிய மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்தது. பகலில் கோல்ஃப் ஆடியும் தோட்டவேலை செய்தும் இயல்பாகத் தோன்றியவர்கள் இரவில் கனவு கண்டு அலறினர். உறக்கத்துக்கு அஞ்சி விழித்திருந்தனர். அதனுடன் சோர்வு, எதிலும் நாட்டமின்மை, தாம் தோழரைக் கைவிட்டோம் என்ற குற்றவுணர்வு, வாழவே தகுதியற்றோம் என்ற எண்ணம் ஆகியவை சேர்ந்திருந்தன. இக்கால மருத்துவர் இவற்றை அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவுளைச்சல் நோயும் மனச்சோர்வு நோயும் ஒருங்கே அமைந்த நிலை எனக் குறித்திருக்கக்கூடும். அப்பெயர்கள் அன்று இல்லை. ரிவர்ஸ் பதற்ற நரம்புத் தளர்ச்சி என்னும் சொல்லையே ஆண்டார்.

அக்கால மருந்துப்பெட்டியில் இந்நோய்க்கு ஏற்றது என ஒன்றும் இல்லை. புரோமைடு, குளோரல், 1900களின் தொடக்கத்தில் வந்த வெரோனல் என்னும் தூக்க மருந்து ஆகியவை இருந்தன. இவை உறங்கச் செய்யும், நினைவை மாற்றா. வேறு மருத்துவமனைகளில் மின்சாரம் பாய்ச்சிப் பேச வைப்பதும் உண்டு. குயின் சதுக்கத்தில் லூயிஸ் யெலண்ட் செய்த இவ்வகைச் சிகிச்சைகள் அவர் 1918 இல் எழுதிய நூலில் விவரிக்கப்பட்டுள்ளன. அறிதுயிலையும் ஏவுதலையும் ரிவர்ஸ் அறிந்திருந்தும் அவற்றை முதன்மையாகக் கொள்ளவில்லை. மருந்திலிருந்து எதிர்பார்ப்பின் விளைவைப் பிரித்தெடுக்கப் பல ஆண்டுகள் உழைத்தவர், மருத்துவரின் ஏவுதலால் மட்டும் வரும் குணத்தை ஐயுற்றதில் வியப்பில்லை.

இவர் முறையின் அடிப்படை எளியது. நோயாளி தம் அறையில் அமர்ந்து நடந்ததைச் சொல்ல வேண்டும். அச்சம் கோழைத்தனமன்று, அழுவது ஆண்மைக்கு இழுக்கன்று என்பதை மருத்துவர் அவருக்கு உணர்த்த வேண்டும். அந்நினைவைத் தாங்கத்தக்கதாக ஆக்கும் ஏதேனும் ஒரு கூற்றை இருவரும் சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டும். வெறுமனே திரும்பத் திரும்பச் சொல்லச் செய்வது இவர் முறை என்று சிலர் எழுதுவது சரியன்று.

1917 டிசம்பர் 4 அன்று அரச மருத்துவக் கழகத்தில் இவர் வாசித்து, 1918 பிப்ரவரியில் லான்செட் இதழில் வெளியான கட்டுரை, போர் நினைவுகளை அடக்கிவைப்பதைப் பற்றியது. அதில் வரும் இரண்டு நோயாளிகளின் வரலாறு இம்முறையின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டுகின்றது.

முதலாமவர் காணாமற்போன நண்பரைத் தேடிச்சென்று, தலையும் கைகால்களும் வேறாகச் சிதறிய அவரது உடலைக் கண்டவர். அன்று முதல் அவ்வுருவம் இரவுதோறும் கனவில் வந்தது. போரைப் பற்றி நினையாதே என்ற அறிவுரையைப் பின்பற்றிப் பகல் முழுவதும் அதனை விலக்கிவைத்தார், இரவில் அது மேலும் கொடியதாக வந்தது. ரிவர்ஸ் அவருக்கு ஒன்றை எடுத்துக்கூறினார். உடல் அவ்வளவு சிதறியதே நண்பர் நொடியில் இறந்தார் என்பதற்குச் சான்று. நெடுநேரம் துடித்துச் சாகும் துன்பம் அவருக்கு நேரவில்லை. நோயாளி இதனைப் பற்றிக்கொண்டார். சில இரவுகள் கனவே இல்லை. பின்னர் ஓர் இரவு அதே கனவு வந்தது, ஆனால் அச்சம் இல்லை. நண்பரின் அருகே மண்டியிட்டு அவரது குடும்பத்தாருக்கு அனுப்ப வேண்டிய பொருள்களைச் சேகரித்தார். உண்மையில் அன்று அவர் செய்ததும் அதுவே. பின்னர் வந்த கனவில் நண்பருடன் பேசினார். துயரம் இருந்தது, பேரச்சம் இல்லை.

இரண்டாமவர் குண்டுவெடிப்பால் வீசியெறியப்பட்டு, பல நாள் முன்பு இறந்த எதிரிப் படைவீரரின் உடல்மீது முகம்பட விழுந்தவர். அதன் சுவையும் நாற்றமும் அவரை விட்டு நீங்கவில்லை. இந்நினைவில் பற்றிக்கொள்ளத்தக்க ஆறுதலான கூறு எதுவும் இல்லை என்பதை ரிவர்ஸ் ஒளிக்காமல் எழுதினார். நாட்டுப்புறத்தில், போரை நினைவூட்டும் எதுவும் இல்லாத இடத்தில் அவருக்கு முன்பு ஓரளவு நலம் கிடைத்திருந்தது. ஆகவே அவர் படையை விட்டு விலகி அத்தகைய வாழ்க்கைக்குத் திரும்புவதே தக்கது என முடிவு செய்யப்பட்டது. தம் முறை தோற்ற இடத்தையும் வெற்றி பெற்ற இடத்துக்கு அருகிலேயே எழுதிவைத்தமை இக்கட்டுரையின் சிறப்பாகும்.

சசூனும் ஓவனும்

1917 ஜூலையில் சிக்ஃபிரீட் சசூன் கிரெய்க்லாக்கார்டுக்கு வந்தார். வீரத்துக்கான படைத்துறைச் சிலுவை பெற்ற இக்கவிஞர், போர் வேண்டுமென்றே நீட்டிக்கப்படுகின்றது எனக் கூறி மேலும் பணியாற்ற மறுத்து அறிக்கை வெளியிட்டிருந்தார். அது ஜூலை 30 அன்று நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. படைநீதிமன்றத்தைத் தவிர்க்கும் பொருட்டு நண்பர் ராபர்ட் கிரேவ்ஸ் முயன்று இவரை நோயாளியாக மருத்துவமனைக்கு அனுப்பச் செய்தார்.

சசூனுக்குப் பெரிய நோய் எதுவும் இல்லை என்பது ரிவர்ஸுக்கு விரைவிலேயே தெரிந்துவிட்டது. ஆயினும் இருவரும் வாரந்தோறும் பலமுறை சந்தித்துப் பேசினர். படைமருத்துவர் என்ற முறையில் சசூனை மீண்டும் போருக்கு அனுப்புவது ரிவர்ஸின் கடமை. அந்த இளைஞர் கூறுவதில் உண்மை இருக்கலாம் என்ற எண்ணமும் இவரிடம் வளர்ந்தது. நோயாளியை மாற்ற வேண்டிய மருத்துவர் தாமே மாறிவிட்டால் என்னாகும் என்ற கவலை தமது கனவொன்றில் வெளிப்பட்டதை ரிவர்ஸ் பின்னர் ஆராய்ந்து எழுதினார். இறுதியில் தம் கீழ்ப்பணியாற்றிய வீரர்களைத் தனியே விட மனமின்றிச் சசூன் தாமாகவே திரும்ப இசைந்தார். நவம்பர் 26 அன்று மருத்துவக் குழு அவரைத் தகுதியுடையவராக அறிவித்தது. 1918 ஜூலையில் பிரான்சில் தலையில் குண்டடிபட்டும் உயிர் பிழைத்தார்.

கவிஞர் வில்ஃபிரட் ஓவனும் அதே காலத்தில் அங்கு இருந்தார். அவர் ரிவர்ஸின் நோயாளி அல்லர். அவருக்குச் சிகிச்சை அளித்த ஆர்தர் பிராக், உழைப்பின் வழியே மனத்தை மீட்கும் முறையைப் பின்பற்றியவர். மருத்துவமனை இதழுக்கு ஓவன் ஆசிரியராக இருந்தார். நலம்பெற்றுத் திரும்பிய ஓவன் போர் முடிவதற்கு ஒரு வாரம் முன்னர், 1918 நவம்பர் 4 அன்று கொல்லப்பட்டார்.

இச்சிகிச்சையின் நோக்கமே ஆள்களைச் சீராக்கிப் போருக்கு அனுப்புவதுதானே என்ற குறைகூறல் ரிவர்ஸின் மீது உண்டு. அது பொய்யன்று. அமைதியாக அமர்ந்து பேசும் வாய்ப்பு அதிகாரிகளுக்குக் கிடைத்த அளவுக்குச் சாதாரணப் படைவீரருக்குக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. அதிகாரிகளிடம் பதற்றமும் கனவும், சாதாரண வீரரிடம் ஊமைத்தன்மையும் முடக்கமும் மிகுதி என ரிவர்ஸ் கண்டு, கல்வியும் பொறுப்பும் இதற்குக் காரணம் என்றார். இம்முடிவில் அக்கால வகுப்பு வேற்றுமையின் சாயல் இருப்பதாகப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர்.

பிற்காலம்

1917 இறுதியில் இலண்டன் ஆம்ப்ஸ்டெட் பகுதியிலிருந்த வான்படை மருத்துவமனைக்குச் சென்றார். வானூர்தியைத் தாமே ஓட்டுபவரைவிட, உடன்சென்று நோக்குபவருக்கு மனநோய் மிகுதியாக வந்தது. பலூனில் செயலற்றுத் தொங்கியபடி எதிரியைக் கண்காணித்தவருக்கு இன்னும் மிகுதி. இடர் எவ்வளவு என்பதைவிட, அதனை எதிர்த்து ஏதேனும் செய்ய முடிகின்றதா என்பதே மனத்தை உடைக்கின்றது என்று இதிலிருந்து ரிவர்ஸ் முடிவு செய்தார். இவை அனைத்தும் 1920 இல் வெளியான இயல்பூக்கமும் நனவிலியும் என்னும் நூலில் இடம்பெற்றன.

போருக்குப் பின் கேம்பிரிட்ஜ் திரும்பிய ரிவர்ஸ் முன்பிருந்தவராக இல்லை என நண்பர்கள் பலர் குறித்துள்ளனர். கூச்சமுடையவராகத் தனித்திருந்தவர் மாணவர்களுடன் கலந்து பழகினார், கல்லூரி அறையில் விருந்தளித்தார். 1921 இல் நாட்டார் வழக்காற்றியல் கழகத் தலைவராக இருந்தார். இறக்கும்போது அரச மானிடவியல் கழகத் தலைவராகவும் இருந்தார். 1908 இல் அரச கழகத்தின் உறுப்பினரான இவருக்கு 1915 இல் அரச பதக்கம் வழங்கப்பட்டது. திருமணம் செய்துகொள்ளவில்லை.

1922 இல் இலண்டன் பல்கலைக்கழகத் தொகுதியில் தொழிற்கட்சி வேட்பாளராக நிற்க இசைந்தார். ஆனால் ஜூன் 4 அன்று குடலிறக்கம் நெரிபட்டதால் கேம்பிரிட்ஜில் திடீரென இறந்தார். அப்போது வயது 58. அவருக்குப் பதிலாக எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் அத்தொகுதியில் நின்று தோற்றார். போராட்டமும் கனவும் என்னும் நூல் 1923 இலும், மருத்துவம், மந்திரம், சமயம் என்னும் நூல் 1924 இலும் அவர் மறைவுக்குப் பின் வெளிவந்தன. மெலனீசியரின் மருத்துவம் மூடநம்பிக்கைகளின் குவியலன்று, நோய்க்குக் காரணம் என அவர்கள் நம்புவதிலிருந்து முறையாகப் பிறப்பது என்பது பின்னைய நூலின் கருத்து.

மருந்தும் பேச்சும்: ரிவர்ஸுக்குப் பின்

ரிவர்ஸ் பேச்சையும் மருந்தையும் ஒரே நோயாளிக்குச் சேர்த்து அளித்தவர் அல்லர். அவ்வாறு சேர்ப்பது இரண்டாம் உலகப் போரில்தான் பரவியது. டன்கர்க்கிலிருந்து 1940 இல் திரும்பிய படையினருக்கு வில்லியம் சார்கண்ட் சோடியம் அமிட்டால் மருந்தைச் செலுத்தி அடைபட்ட நினைவுகளைப் பேசச் செய்தார். வட ஆப்பிரிக்காவில் அமெரிக்க மருத்துவர்களான ராய் கிரிங்கரும் ஜான் ஸ்பீகலும் சோடியம் பென்டதாலைக் கொண்டு அவ்வாறே செய்தனர். அங்கு மருந்து பேச்சுக்கு வாயில் திறக்கும் கருவி மட்டுமே.

மனச்சோர்வுக்கென உரிய மருந்து 1950களில் வந்தது. இமிப்ரமின் மருந்தின் பயனை சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் குன் 1957 இல் வெளியிட்டார். வியட்நாம் போருக்குப் பின், 1980 இல், அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவுளைச்சல் நோய் என்னும் பெயர் அமெரிக்க மனநோய் வகைப்பாட்டில் இடம்பெற்றது. இந்நோயுடையோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மனச்சோர்வு நோயும் சேர்ந்திருப்பது ஆய்வுகளில் தெரியவந்தது. செர்ட்ரலின் 1999 இலும் பரொக்செட்டின் 2001 இலும் அமெரிக்காவில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றன. இரண்டும் முதலில் மனச்சோர்வுக்கு வந்தவை.

இரண்டையும் சேர்த்தால் இருமடங்கு பயன் உண்டாகும் என எதிர்பார்ப்பது இயல்பு. சான்றுகள் அவ்வளவு எளிதாக அமையவில்லை. அமெரிக்க முன்னாள் படையினரிடம் செய்யப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வொன்றில், நினைவை அஞ்சாது எதிர்கொள்ளப் பயிற்றும் பேச்சுவழிச் சிகிச்சையுடன் செர்ட்ரலின் பெற்றோர், அதே சிகிச்சையுடன் வெற்று மாத்திரை பெற்றோர், செர்ட்ரலினுடன் மருத்துவரின் எளிய ஆலோசனை மட்டும் பெற்றோர் ஆகிய மூன்று பிரிவினரும் நலம் பெற்றனர். அவர்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அமெரிக்கப் படைத்துறையின் 2023 ஆம் ஆண்டு வழிகாட்டி, அதிர்ச்சி நினைவை நேராக எடுத்துப் பேசும் சிகிச்சையை மருந்துக்கு முன்வைத்து, செர்ட்ரலின், பரொக்செட்டின், வென்லாஃபாக்சின் ஆகியவற்றை மருந்துகளாகப் பரிந்துரைக்கின்றது. எழுந்து அமரவும் மருத்துவரிடம் வரவும் இயலாத அளவு மனச்சோர்வு கடுமையாக உள்ளவருக்கு, பேச்சைத் தாங்கும் நிலைக்குக் கொண்டுவர மருந்தை உடன் அளிப்பது மருத்துவர்கள் பலரின் வழக்கம். 2019 ஆய்வில் எவருக்கு மருந்து, எவருக்கு வெற்று மாத்திரை என்பது மறைக்கப்பட்டிருந்தது, கேம்பிரிட்ஜில் ஒரே சுவையுடைய இரு கலவைகளுள் எதனைக் குடித்தோம் என்பது ரிவர்ஸுக்கு மறைக்கப்பட்டிருந்தது போலவே.

இலக்கியத்தில்

சசூன் 1936 இல் வெளியிட்ட தன்வரலாற்றுப் புதினமான ஷெர்ஸ்டனின் முன்னேற்றத்தில் பிற மாந்தருக்கு மாற்றுப்பெயர் இட்டபோதிலும் ரிவர்ஸை அவர் பெயராலேயே குறித்தார். பாட் பார்க்கர் எழுதிய ரிஜெனரேஷன் (1991) முதலான மூன்று புதினங்களில் ரிவர்ஸ் முதன்மை மாந்தர். மூன்றாவது புதினமான தி கோஸ்ட் ரோடு 1995 இல் புக்கர் பரிசு பெற்றது. முதற்புதினம் 1997 இல் திரைப்படமாயிற்று; ரிவர்ஸாக ஜோனதன் பிரைஸ் நடித்தார். புதினத்தில் வரும் பில்லி பிரையர் கற்பனை மாந்தர் என்பதை, அவரை மெய்யான நோயாளியாக எண்ணுவோர் கருத்தில் கொள்க.